வில்லனை எடுத்துவிட்டோம்

"அப்பா வர்றாராம்" என்றாள் மனைவி, கிளினிக் கதவைப் பாதி திறந்து.

பல் டாக்டரின் இரண்டு விரல்களும் ஒரு சிறு கண்ணாடியும் அப்போது வக்கீலின் வாய்க்குள் இருந்தன.

"யாரோட அப்பா?"

"எங்கப்பாங்க. உங்கப்பா எப்படி வருவாரு?"

டாக்டரின் அப்பா காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் மாமனார் வருவதைவிட அப்பா திரும்பி வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்றுதான் டாக்டர் அதுவரை நினைத்திருந்தார்.

"எதுக்கு வர்றாரு?"

"நாடகம் பாக்க. சனிக்கிழமை. தங்கச்சி இப்பதான் போன் பண்ணினா. எப்படியோ பேசிச் சம்மதிக்க வச்சுட்டாளாம்."

அவள் குரல் நடுங்கியது. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை போலிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வக்கீல் வாயைத் திறந்தபடியே ஏதோ கேட்டார். டாக்டர் விரல்களை வெளியே எடுத்தார்.

"பதினாலு வருஷமா பேசாத மாமனாரா?"

"அவரேதான்."

"அப்ப நான் யாரு?"

அது தத்துவக் கேள்வி அல்ல. டாக்டர் எழுதிய நாடகத்தில் மாமனார் வேஷம் வக்கீலுக்குத்தான்.

நாடகத்துக்கு 'இரண்டு கரை' என்று பெயர். குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவில் அரங்கேற இருந்த இசை நாடகம். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு மக்கள், அந்தக் கரையில் வேறொரு மக்கள். வேறு மொழி, வேறு பழக்கம், வேறு பாட்டு. இந்தக் கரையில் பல் பிடுங்கிப் பிழைக்கும் ஒரு பையன், அந்தக் கரைப் பெண்ணைக் காதலிக்கிறான். பெண்ணின் அப்பா கதவைச் சாத்துகிறார். ஆறு, படகு எல்லாம் கற்பனை. வேற்று மொழியும் சாத்திய கதவும் மட்டும் நிஜம்.

இசை, பள்ளிக்கூடத்து பேண்டு மாஸ்டர். இந்தக் கரைக்காரர்கள் மூன்று தட்டில் பாடுவார்கள், அந்தக் கரைக்காரர்கள் இரண்டு தட்டில் பாடுவார்கள் என்று அவர் ஏற்பாடு. காதல் பாட்டில் இரண்டும் முட்டி மோதிக் கடைசியில் ஒன்றாகும். "பயப்படாதீங்க டாக்டர், தட்டிக்கிட்டே இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல சேந்துதான் ஆகணும்" என்பார்.

ஆனால் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது காதல் பாட்டு அல்ல. பெண்ணின் அப்பா பாடும் கோபப் பாட்டு.

*வாசல் என்னுடையது, வழியும் என்னுடையது,*
*வந்தவன் யாரென்று கேட்கும் வாயும் என்னுடையது!*

வக்கீல் தொண்டையைத் திறந்தால் ஜன்னல் அதிரும். கடைசி வரியில் ஒரு நாற்காலியை உடைப்பார். லிப்டில் ஏறுகிறவர்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நிஜ மாமனார் நாற்காலி எதையும் உடைத்தவர் அல்ல. கல்யாணத்தன்று ஓரமாக ஒன்றில் வந்து உட்கார்ந்தார், எழுந்து போனார், அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். மகளோடும் இல்லை, மருமகனோடும் இல்லை. மனைவியின் வீட்டில் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். டாக்டரின் வீட்டில் கோபம் வந்தால்தான் பேச்சே தொடங்கும். கல்யாணத்துக்கு முன்பு இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி தன் அம்மாவுக்குப் போன் செய்வாள். அம்மாவின் பக்கத்தில் ஒருவர் இருமுவது கேட்கும். உடனே இவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். இன்னொரு இருமல் வரும். அவ்வளவுதான். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். அந்தச் சின்ன இடைவெளியைப் பக்கத்து அறையிலிருந்து டாக்டர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாடகம் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஒரு மனிதன் பேசாமல் இருப்பதை மேடையில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால் நாற்காலியை உடைக்க வைத்தார்.

இப்போது அந்த மனிதர் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் போகிறார். பார்த்துவிட்டு எழுந்து போனால் இன்னொரு பதினாலு வருஷம். அவ்வளவு ஆயுள் அவருக்குப் பாக்கி இருக்கிறதா என்பதும் சந்தேகம்.

"ரொம்பச் சுலபம்" என்றார் வக்கீல், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு. "பொண்ணோட அப்பாவைத் தங்கமான மனுஷன் ஆக்கிடுங்க. எதிர்த்தரப்பை மாத்திப் போடுங்க. பையனோட அப்பா எதிர்க்கட்டும். உங்கப்பா என்ன, வந்து கேக்கவா போறாரு?"

"பாட்டு?"

"அதே பாட்டுதான். கோபம் யாருக்கு வந்தா என்ன டாக்டர், வாசல் வாசல்தானே?"

டாக்டருக்குச் சரியென்றே பட்டது. மறுநாள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. வக்கீல் பையனின் அப்பாவாக மாறி, இரண்டு மடங்கு உற்சாகத்தோடு பாடி நாற்காலியைத் தூக்கினார். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த டாக்டரின் அம்மா கத்தியோடு எழுந்து வந்தார்.

"யாருடா இது, என் வீட்டு நாற்காலியை உடைக்கறது?"

"நாடகம்மா. பையனோட அப்பா."

"பையன் என்ன வேலை பாக்கறான்?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "பல்லு புடுங்கறான்."

"அப்ப அது உங்கப்பா."

"கற்பனைம்மா..."

"உங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்ல ஒரு ஸ்டூலு உடைஞ்சிருக்குமா? இவளை நீ கூட்டிட்டு வந்து நிறுத்தினப்ப 'வாம்மா, உக்காரு'ன்னு சொன்ன மனுஷன்டா. எதிர்த்தது நானு. ஒரு வாரம் வாய் ஓயாமப் பேசினேன். ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா."

"செத்துப் போனவரு மேல பழியைப் போடறியே, நல்லா இருப்பியா நீ?"

"சரி, அப்ப எதிர்க்கறது பையனோட அம்மான்னு மாத்திடட்டுமா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். இதுதான் அதிக ஆபத்தான அறிகுறி.

"மாத்தித்தான் பாரேன்."

அன்று மாலை வரை அம்மா பேசினார். மறுநாளும் பேசினார். அண்ணன் வீட்டுக்குப் பெட்டி கட்டப் போவதாகச் சொன்னார். டாக்டரின் மனைவி பெட்டியைத் திறந்து, எடுத்து வைத்த புடவைகளை மறுபடி அலமாரியில் வைத்தபடி இருந்தாள். ஒருவர் அடுக்க ஒருவர் கலைக்க, இரண்டு பேரும் அந்த வேலையில் நல்ல ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

"எவனாவது சம்பந்தமில்லாதவன் எதிர்க்கட்டும்டா" என்று கடைசியில் அம்மாவே வழி சொன்னார். "ஊர்ல எதுக்கெடுத்தாலும் குறுக்க நிக்கறவன் ஒருத்தன் இருப்பான்ல?"

டாக்டர் ஒரே மூச்சில் மாற்றி எழுதினார். இரண்டு குடும்பங்களும் தங்கம். குறுக்கே நிற்பவன் படகுத்துறைக் காவலன். யார் கரையைக் கடக்கலாம், எப்போது கடக்கலாம் என்பதெல்லாம் அவன் இஷ்டம். 'வாசல் என்னுடையது' பாட்டு அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வக்கீலுக்கு ஒரு விசிலும் தொப்பியும் கிடைத்தன.

மறுநாள் சங்கச் செயலாளர் கிளினிக்குக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து படுத்துக்கொண்டார். டாக்டர் விளக்கைப் போட்டார்.

"எந்தப் பல்லு சார்?"

"பல்லு இல்ல டாக்டர். மனசு."

டாக்டர் விளக்கை அணைத்தார்.

"போன மாசம் கேட்டை நேரத்தோட மூடணும்னு நோட்டீஸ் ஒட்டினேன். இந்த மாசம் உங்க நாடகத்துல ஒருத்தன் தொப்பி போட்டுக்கிட்டு கேட்டை மூடறான். காலையில லிப்ட்ல வரேன், மூணாவது மாடிக் குழந்தை, பால் பல்லுகூட விழல, என் முகத்தைப் பாத்து 'வாசல் என்னுடையது'ன்னு பாடுது."

"சார், அது படகுத்துறை சார். கேட்டே கிடையாது."

"தொப்பி?"

"அது... வெயிலுக்கு."

செயலாளர் படுத்த வாக்கிலேயே கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நான் யாருக்கும் கெடுதல் நினைக்கறவன் இல்ல டாக்டர். ஆனா ஹால் சாவி என்கிட்டதான் இருக்கு. அதை மட்டும் யோசிச்சுக்குங்க."

அவர் போன பிறகு டாக்டர் அந்த நாற்காலியில் தானே படுத்துக்கொண்டார். உலகத்தில் யாரையும் புண்படுத்தாமல் எதிர்க்கக்கூடிய ஒருவரும் இல்லையா என்று யோசித்தார். எல்லா மனிதர்களுக்கும் யாராவது சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கெட்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள்.

பேண்டு மாஸ்டர்தான் விடை கண்டுபிடித்தார்.

"மனுஷனே வேண்டாம் டாக்டர். மழை."

"மழையா?"

"மழை வருது. ஆத்துல வெள்ளம். படகு போக முடியல. ரெண்டு பேரும் ரெண்டு கரையில நின்னு பாடறாங்க. மழை நிக்குது. படகு போகுது. கல்யாணம். எந்த மழை வந்து உங்ககிட்ட சண்டை போடப் போகுது?"

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். எதிர்க்க அதில் ஒன்றுமே இல்லை. அதுதான் அதன் அழகு.

வக்கீலிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது.

"அப்ப நான்?"

"நீங்கதான் மழை."

வக்கீல் தொப்பியைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்தார். பிறகு, "வசனம்?" என்றார்.

"இடி."

"முப்பது வருஷம் கோர்ட்ல முழங்கின வாய் டாக்டர் இது."

"அதனாலதான் சார் உங்ககிட்ட குடுக்கறேன். வேற யாரால முடியும்?"

நீல நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வக்கீல் மழையானார். ஆனால் மாமனார் விவகாரத்தில் அவருடைய பல் வேலை பாதியில் நின்றிருந்தது. தற்காலிகமாக வைத்த பல் செட்டில் ஒரு சந்து. இடி இடிக்கும்போதெல்லாம் அதன் வாலில் ஒரு விசில் வந்தது. "காத்தும் அடிக்குதுன்னு வச்சுக்கலாம்" என்றார் மாஸ்டர்.

கடைசி ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு டாக்டரும் மனைவியும் ஹாலில் நாற்காலிகளை அடுக்கினார்கள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"என்னது?"

"நாடகம். மழை வந்துச்சு, நின்னுச்சு, கல்யாணம் ஆயிடுச்சு. அவ்வளவுதானா?"

"யார் மனசும் நோகக் கூடாதுல்ல?"

"நம்ம கதையில யாருக்குமே கஷ்டம் இல்லீங்க. கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்."

"உங்கப்பாவை உத்தேசிச்சுத்தான் இவ்வளவும் பண்ணினேன். அவரு வந்து நிம்மதியாப் பாத்துட்டு, போறப்ப உன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போனாப் போதும். நாடகம் எக்கேடு கெட்டுப் போனா என்ன?"

அவள் ஒரு நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். பதில் சொல்லவில்லை. இது கோபமா, அல்லது வெறும் அமைதியா? இத்தனை வருடத்தில் டாக்டர் மனைவி வீட்டு மொழியில் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. அந்த வீட்டின் மௌனத்தைப் படிக்கவும் கற்றுக்கொண்டிருக்கவில்லை. அவர் பாட்டுக்கு இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்வதென்று தீர்மானித்தார்.

சனிக்கிழமை மாமனார் வேனில் வந்தார். தனியாக அல்ல.

துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் நெட்டையாகத்தான் இருந்தார். கோட்டுப் பொத்தான்கள் துடைத்துப் பளபளத்தன. அவருக்குப் பின்னால் அதே வயசில் ஆறேழு கிழவர்கள், அதேபோல் கோட்டு, வேனிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக மைத்துனி இறங்கினாள். அக்கா வீட்டில் தங்கிப் படித்து, இவர்கள் பேச்சைத் தண்ணீராகப் பேசுகிறவள்.

"சாட்சிக்கு ஆள் சேத்துக்கிட்டு வந்திருக்காரு" என்றார் வக்கீல், திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்து. "பெரிய வழக்காத்தான் இருக்கும்."

மாமனார் மகளைப் பார்த்தார். தலையை ஒரு முறை அசைத்தார். முன்வரிசையின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சிநேகிதர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மைத்துனி, அவருக்குப் பின் வரிசையில் காதோடு காதாக மொழிபெயர்க்கத் தோதாக அமர்ந்துகொண்டாள்.

திரை உயர்ந்தது. கிளினிக் வரவேற்பறைப் பெண்ணும் மருந்துக்கடைக்காரரும் கதாநாயகி, கதாநாயகன். இரண்டு தட்டும் மூன்று தட்டும் ஓரளவு சேர்ந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். டாக்டர் மேடை ஓரத்திலிருந்து மாமனாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா மேடைக்கு வந்தார். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சிநேகிதர் அவரை முழங்கையால் இடித்தார். மேடை அப்பா சிரித்த முகத்தோடு, "உனக்குப் பிடித்தவனையே கட்டிக்கொள் மகளே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமனாரின் முதுகு மெல்ல நாற்காலியில் சாய்ந்தது.

அடுத்து பையனின் அப்பா வந்தார். மாமனார் மறுபடி நிமிர்ந்தார். அவரும் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். மாமனார் திரும்பி மைத்துனியிடம் ஏதோ கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

படகோட்டி வந்தபோதும் அப்படித்தான்.

"யாரையோ தேடறாரு டாக்டர்" என்றார் வக்கீல், போர்வைக்குள்ளிருந்து.

"யாரை?"

"என்னைத்தான். பழைய கதையை யாரோ அவர் காதுல போட்டிருக்காங்க. கண்டுபிடிச்சார்னா தொலைஞ்சேன்." அவர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் பாய்ந்தார்.

இடி இடித்தது. விசில் அடித்தது. ஹால் முழுக்கச் சிரித்தது. செயலாளர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, நீலப் போர்வை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை நின்றது. படகு போனது. கல்யாணம் நடந்தது. திரை விழுந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசை மட்டும் எழவில்லை. கிழவர்கள் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னொரு முறை உயரும் என்பதுபோல.

ஹால் பாதி காலியான பிறகு அவர் எழுந்தார். நேராக மேடைப் படியருகே டாக்டர் நின்ற இடத்துக்கு வந்தார். மனைவி டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் வாயைத் திறந்தார். மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு பேசினார்.

ஒரு வார்த்தை அல்ல. மடை உடைந்ததுபோல வந்தது. மேடையைக் காட்டினார். வாசலைக் காட்டினார். தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். ஓரமாக நின்ற சிநேகிதர்களை ஒவ்வொருவராக விரலால் சுட்டினார். அவர்களும் தலையாட்டினார்கள். மகள் பக்கம் திரும்பி அவளிடமும் இரண்டு வாக்கியம் படபடத்தார்.

மனைவி முகத்தை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

டாக்டர் மனசுக்குள் நாடகத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். எங்கே தவறினோம் என்று தேடினார். எல்லோரையும்தான் எடுத்தாயிற்றே! மழை? அவர்கள் ஊரில் மழையைச் சொன்னால் தப்பா?

"திட்டறாராடா?" என்றார் அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து. "திட்டட்டும், திட்டட்டும். இப்பத்தான் மனுஷன் நம்ம வீட்டு ஆள் மாதிரி இருக்காரு. இந்தாங்க சம்பந்தி, உக்காந்து திட்டுங்க." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமனார் உட்காரவில்லை. மூச்சு வாங்கியபடி, பதிலுக்குக் காத்திருப்பவராக மருமகனையே பார்த்தார்.

டாக்டர் மைத்துனி பக்கம் திரும்பினார். "அவரு மனசு நோகற மாதிரி நான் ஒண்ணுமே வைக்கலையே" என்றார். "என்னதான் சொல்றாரு?"

மைத்துனி அக்காவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"'மருமகன் என்னை வில்லனாப் போட்டு நாடகம் எழுதியிருக்கான்'னு சொல்லித்தான் சிநேகிதங்களையெல்லாம் கூட்டிட்டு வந்தாராம் அத்தான், 'பதினாலு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருக்கேன், அதுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாதா?'ன்னு கேக்கறாரு."